பலாப் பலகையில் திரும்பிய தும்பிக்கை

மன்னார்குடியில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் ஒரு சிஎன்சி மெஷின் இருக்கிறது. கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்தால் மரத்தில் செதுக்கித் தரும். வாங்கி மாட்டியது என் கணவர். அவர் சிங்கப்பூர் போன பிறகு ஓட்டுவது நான். அதன் பழைய சாஃப்ட்வேர் பாதி வேலையில் உறைந்து நின்று என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் அங்கிருந்தே இணையம் வழியாக எங்கள் கம்ப்யூட்டருக்குள் புகுந்து புதியதை ஏற்றினார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு மெஷின் அருகே நின்றேன்.

என் கண் சுவரில் சாய்த்திருந்த பலகைமேலேயே இருந்தது. கீழ்வேளூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் கொடுத்தது. புயலில் சாய்ந்த அவர் வீட்டுப் பலாமரத்தில் தேறிய ஒரே அகலப் பலகை. புதுவீட்டு வாசற்கதவுக்கு அதில் பிள்ளையார் வேண்டும்.

"தும்பிக்கை இடம்புரியா இருக்கணுங்க. வலம்புரின்னா ஆசாரம் பாக்கணும். எங்க வீட்ல நித்தம் மீன் குழம்பு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இது கெட்டால் இன்னொன்றை எந்த மரவாடியிலும் வாங்க முடியாது.

"இந்த வேலை முடிஞ்சப்புறம் மாத்திக்கலாங்க" என்றேன்.

"பழசு நடுவுல நின்னா பலகை போனது போனதுதான்" என்றார். நிஜம்தான். அதனாலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

பழைய செட்டிங் எதுவும் புதியதில் ஏறவில்லை. அவர் ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டினார். "இப்ப வெட்டுமுனை நகருதா?" "நகருது." எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சோதனைக்கு வழக்கம்போல் ஒரு வீண் கட்டையில் தாமரை போட்டோம். எதற்கும் மங்களமாக முதலில் தாமரைதான். இதழெல்லாம் அச்சு அசலாக வந்தன. "பாத்தியா?" என்றார் பெருமையாக.

பலகையை ஏற்றி இறுக்கினேன். முதல் ஓட்டம் மேலோட்டமான கோடுதான். கிரீடம் வந்தது, காதுகள் வந்தன. தும்பிக்கை இறங்கி, வளைய வேண்டிய பக்கம் வளையாமல் எதிர்ப்பக்கம் திரும்பியது. சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தேன்.

"வலம்புரியா வருது! என்னத்தப் போட்டுத் தொலைச்சீங்க?"

"இடவலமா நகர்த்துற மோட்டார் எந்தப் பக்கம் சுத்தும்னு எனக்குத் தெரியாதா? மாட்டினதே நான்தானே!"

"அது எரிஞ்சுபோச்சு. வேற மாட்டினேன். அது எதிர்ப்பக்கம் சுத்துச்சு. பழைய சாஃப்ட்வேர்ல திருப்பி விட்டிருந்தேன்."

"எப்ப?"

"போன ஆடியில."

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டில் இருப்பவரிடம் போனில் நல்லதை மட்டும்தான் சொல்வோம். கூரை ஒழுகினாலும் "எல்லாரும் சௌக்கியம்"தான். மோட்டார் எரிந்ததும் அந்தச் சௌக்கியத்தில் சேர்ந்துவிட்டது. தாமரையும் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. இடம் வலம் மாறினாலும் அது தாமரைதான்.

அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, கோட்டின் ஆழத்தைப் பார்த்தேன். ஒரு நூல்கூட இல்லை, அரைக்கால் அங்குலத்துக்கும் குறைவு. அந்த அம்மாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"பலகை பொழைக்குமாங்க?" என்றார்.

"பொழைக்கும்மா. ஒரு நூல் இழைச்சுட்டு மறுபடி போடணும்."

"கதவு கனத்துக்குப் பழுது வராதே?"

"வராதும்மா."

"அப்ப இழைங்க."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காத்திருந்த கணவரிடம் சொன்னேன். இனி திட்டு விழும் என்று எதிர்பார்த்து, பதிலையும் தயாராக வைத்திருந்தேன்.

"சொல்லியிருந்தா நான் என்ன ஓடியா வந்திருக்கப் போறேன்? ஒருநாள் தூக்கம் கெட்டிருக்கும், அவ்வளவுதான்" என்றார். குரல் தணிந்திருந்தது. "நம்ம வீட்டுக் கவலையில எனக்குப் பாத்தியதையே கிடையாதா?"

சண்டை போடத்தான் வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. அவருக்குக் கேட்கட்டும் என்று போனைக் காதிலிருந்து எடுக்காமலே அழுதேன்.