தகரக் கூரையில் ஐந்து கினிக்கோழிகள்

அப்பா வாரத்தில் ஆறு நாள் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பிக் கம்பெனியில் வேலை பார்த்தார்; ஏழாவது நாள் விவசாயி. வீட்டுக்குப் பின்னால் இருந்த பத்து சென்ட் நிலத்தை அவர் ‘பண்ணை’ என்பார். அம்மா ‘அது’ என்பாள். முதலில் வாங்கிய முயல்கள் மழையில் நனைந்து செத்தன. வாத்துகளை நாய் கொண்டுபோயிற்று. கினிக்கோழி வளர்த்தால் பாம்பு அண்டாது என்று கம்பெனியில் யாரோ சொல்ல, ஆரணியிலிருந்து ஆறு கினிக்கோழிகளை அட்டைப்பெட்டியில் வைத்து வண்டியில் கட்டிக்கொண்டு வந்தார். சாம்பல் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், மொட்டைத் தலை, நாள் முழுக்கக் கத்தல்.

விற்றவர் சொல்லியனுப்பியதை அப்பா சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஒப்பிப்பார். ஆறு வாரம் கூண்டைத் திறக்கக் கூடாது; இதுதான் தன் வீடு என்று அவற்றுக்குப் பதிய வேண்டும். அதன் பிறகும் எல்லாவற்றையும் ஒரே நாளில் விடக் கூடாது. உள்ளே இருப்பது கத்தினால்தான் வெளியே போனது திரும்பும்.

“இதுவும் போச்சுன்னா அவ்ளோதான். இடத்த வித்துட்டு வேப்பம்பட்டு பக்கம் ஒரு ஊடு பாத்துகினு போயிடலாம்” என்றாள் அம்மா. அப்பா தலையாட்டினார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கோழிகள் வந்த இரண்டாம் வாரத்துச் சனிக்கிழமை, அப்பா வேலைக்குப் போயிருந்தார். வலையை முட்டி முட்டி அவை நடப்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கொஞ்சம் காற்று வாங்கட்டும் என்று தாழ்ப்பாளை நீக்கினேன். ஐந்து கோழிகள் ஒரே சத்தமாகக் கிளம்பி, வேலியைத் தாண்டி, பக்கத்துக் குடோனின் தகரக் கூரையில் போய் உட்கார்ந்தன. ஒன்று மட்டும் மூலையில் திகைத்து நின்றது. அவசரமாகக் கதவைச் சாத்தினேன்.

அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடினேன். அடி விழும் என்று நினைத்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கூரையைப் பார்த்தாள்.

“கத்தாத. தொரத்துனா ஆந்திரா பக்கம் போயிடும். உள்ள கீறது கத்தட்டும்.”

அப்பா ஒப்பித்ததை அவள் காதில் வாங்கியிருந்தாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. மிச்சமிருந்த கோழியைக் கூண்டுக்குள்ளேயே ஒரு கூடையைக் கவிழ்த்து மூடி, கதவைத் திறந்து வைத்து, வாசலில் கம்பு இறைத்தாள். அது கத்தியது. கூரையிலிருந்து பதில் வந்தது, கோழி வரவில்லை. அம்மா மதியச் சோற்றைத் தொடவில்லை. வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பொழுது சாயும்போது ஒன்று இறங்கியது. பின்னாலேயே மூன்று. ஐந்தாவதைக் குடோன் சுவரோரம் முழுக்கத் தேடியும் காணோம்.

வேலை முடிந்து வந்த அப்பா கூண்டிலிருந்த கோழிகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். நான் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

“நான்தான். தண்ணி வெச்சிட்டு தாப்பா போட மறந்துட்டேன்” என்றாள் அம்மா. “இன்னா இப்போ? அஞ்சு கீதே.”

“கீது, கீது” என்றார் அப்பா. ஏனோ அவர் முகத்தில் வருத்தத்தைக் காணோம்.

அம்மா எனக்காகப் பொய் சொன்னாள் என்றுதான் நினைத்தேன். அந்த நன்றியில் ஒரு வாரம் அவள் சொன்னதையெல்லாம் கேட்டேன். தப்பு தன்னுடையது என்று ஆகிவிட்டால் இடத்தை விற்கும் பேச்சை இனி அவளால் எடுக்கவே முடியாது என்பதும், அது தெரிந்தேதான் அவள் அப்படிச் சொன்னாள் என்பதும் அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.