வால்பூ பூத்த நாள்

இப்போது ஆர்க்கிட் என்று நாக்கைச் சுழற்றிச் சொல்கிறார்கள். சித்தேரி மலையில் எனக்கும் அக்காவுக்கும் அது வால்பூ. மழை விழுந்ததும் புல்வெளியிலும் மரத்தடியிலும் தரையிலிருந்து முளைக்கும். ஒவ்வொரு வெள்ளைப் பூவுக்கும் பின்னால் நீளமாய் ஒரு வால் தொங்கும்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று கீழே ஊர்களில் பேசிக்கொண்ட வருசம், ஆவணியில் அக்காவை மொரப்பூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். கிளம்பும்போது அவள் சேலையை நான் விடவேயில்லை. வேலியோரத்து வால்பூவைக் காட்டி, "இது மறுபடி பூக்கறன்னிக்கு வந்துருவன்" என்றாள். ஆறு வயதுக்காரிக்கு அது போதுமாக இருந்தது.

தை மாதம் செடி காய்ந்து இருந்த இடமே தெரியாமல் போனது. இனி அக்கா எப்படி வருவாள்? தோண்டிப் பார்த்தால் சுருங்கிய கிழங்கு ஒன்றும், அதை ஒட்டிக் கொழுகொழுவென்று இன்னொன்றும். அப்பாடா என்று மூடிவிட்டு, கோழி கிளறாமல் முள் வெட்டிப் போட்டேன்.

பங்குனி வெயிலில் அக்கா துணிமூட்டையோடு தனியாக வந்து நின்றாள்.

"பூவே பூக்கல, அதுக்குள்ள எதுக்கு வந்த? போ!" என்றேன். பாவி நான். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருக்க வேண்டாமா?

அம்மா அவள் முதுகுத் தழும்புகளைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா தலை நிமிர்ந்து வா என்று சொல்லவில்லை. சண்டைக்காரன் வாசலுக்கு வந்தாலும் வா என்று அழைக்கிற மனுசர். புருசன் வூட்டை விட்டு வந்தவளை அப்படி அழைத்தால் ஊர் என்ன பேசுமோ என்ற பயம். நாலு மாதம் அக்கா அடுப்படி மூலையிலேயே ஒண்டிக்கொண்டாள்.

ஆடியில் மழை பிடித்தது. ஒருநாள் காலையில் பார்த்தால், அடேயப்பா, வால்பூ!

"பூத்துருச்சுக்கா! இப்ப வா!" மூட்டையை அவள் கையில் திணித்து, வேலிக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனேன். என் பிடிவாதம் அவளுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே வேலிப் படலைத் திறந்து மறுபடி உள்ளே வந்தாள். கயிறு திரித்துக்கொண்டிருந்த அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அக்கா வந்திருக்கு. வான்னு சொல்லுங்கப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். கயிற்றைக் கீழே வைத்தார்.

"வா கண்ணு" என்றார்.

அக்கா அங்கேயே மூட்டையோடு உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். எனக்குக் கோபமான கோபம். சொன்ன நாளில் ஒழுங்காக வந்துவிட்டாள், இன்னும் என்ன அழுகை?