வெளிப்பக்கம் திறந்த கதவு

பெல்ஜெட்ஸ் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், தச்சன் வாலென்டி மசூர் மாட்டிய கதவு எந்தக் காலத்திலும் சரிந்து தொங்காது என்று பேச்சு. ஒற்றை விரலால் தள்ளினால் கதவு ஓசையில்லாமல் போக வேண்டும். இல்லாவிட்டால் கூலியே வாங்கமாட்டான். அவன் அடிக்கும் ஜன்னல் சட்டங்களுக்குக் கண்ணாடி பதிப்பவன் பக்கத்துச் சிற்றூர் யூதன் ஷூலிம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருவரும் சேர்ந்துதான் வேலைக்குப் போவார்கள். வழிநெடுக ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டே போவார்கள்.

போலந்தை ஜெர்மானியர் பிடித்த மூன்றாவது வருஷம், இலையுதிர் காலத்தின் முடிவில், ஊர்த் தலைவர் சில ஆட்களைக் கூலி வேலைக்கு அனுப்பினார். ரயில் பாதையை ஒட்டிய மேட்டில் கொட்டகைகள் கட்ட வேண்டும். வாலென்டியும் போனான்.

ஒரு கொட்டகை மட்டும் விசித்திரமாக இருந்தது. சுவருக்கு இரட்டைப் பலகை, நடுவே மணல். உட்பக்கம் தகரம். காற்றுகூடப் புகாதபடி கதவு விளிம்பெல்லாம் ரப்பர். தாழ்ப்பாள் வெளியே.

“கதவு வெளிப்பக்கமாத் திறக்கணுமாம்,” என்றான் ஜெர்மானிய அதிகாரியின் பேச்சை மொழிபெயர்த்தவன்.

“பனி குவிஞ்சா திறக்க வராதே. உள்பக்கமா வெச்சா என்னங்க?”

“வெளிப்பக்கம்,” என்றான் அதிகாரி மறுபடியும்.

“சரிங்க எஜமான். உள்ள என்ன போட்டு வைக்கப்போறீங்க, உருளைக்கிழங்கா?”

மொழிபெயர்ப்பைக் கேட்டு அதிகாரி சிரித்தான். அந்தச் சிரிப்பு வாலென்டிக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷூலிமிடம் அந்தக் கொட்டகையைப் பற்றிச் சொன்னபோது அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். “ஒரு ஜன்னல்கூட இல்லையா? அடப்பாவி, என் வாயில மண்ணைப் போட்டுட்டியே!”

“உன் வாயில இல்லய்யா, சுவத்துக்குள்ள போட்டிருக்கோம்.”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன் உள்ளூர் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பனி உருகத் தொடங்கியதும் யூதர்களை அடைத்த ரயில்கள் வந்தன. சரக்குப் பெட்டிகளின் சிறு துவாரங்களிலிருந்து “தண்ணி, தண்ணி” என்று குரல் கேட்டது. கிட்டே போனவர்களைக் காவலர்கள் சுட்டார்கள். ரயில் பாதையில் வேலை பார்த்த அண்டை வீட்டுக் காஸ்பர் வேலியோரம் வந்து குசுகுசுத்தான்.

“நிறைஞ்சு வருது, காலியாப் போகுது. இத்தனை சனம் உள்ள போகுதே, ஒரு மூட்டை மாவு போகலையேய்யா.”

பிறகு மேட்டுப் பக்கமிருந்து நாற்றம் வந்தது. வாலென்டியின் மனைவி ரோசாலியா காயப்போட்ட துணிகளை எடுத்து மறுபடி துவைத்தாள். மறுபடியும் நாறின. கடைசியில் கொடியில் போடுவதையே விட்டுவிட்டாள்.

ஒருநாள் பார்லிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

“ரோசாலியா, உள்ள ஆளுங்க கதவு மேல சாஞ்சு செத்துக் கிடந்தா, உள்பக்கமாத் திறக்க முடியாது.”

“என்ன உளறுறய்யா?”

அவன் அவளையே பார்த்தான். அவள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

மறுநாளே ஷூலிமின் வீட்டுக்கு நடந்தான். ஷூலிமின் மனைவி கித்லா நெஞ்சுநோயோடு படுக்கையில் கிடந்தாள். மகள் பேசியா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“வேலைக்குத்தான் கூட்டிட்டுப் போறாங்கன்னு சொல்றாங்களே,” என்றான் ஷூலிம்.

“சொல்வாங்க. அந்தக் கதவை மாட்டினவன் நான். கெளம்புங்க.”

எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் ஷூலிம் அன்று கித்லாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தான். “இவளால எந்திரிக்க முடியாது. இவளை விட்டுட்டு நான் எங்க வர்றது? பேசியாவைக் கூட்டிட்டுப் போ.”

“நான் மாட்டேன்,” என்றாள் பேசியா.

“போடி,” என்றாள் கித்லா, மூச்சிரைக்க. “நீ இங்க நின்னா என்னால நிம்மதியா இருமக்கூட முடியாது. போ.”

வாசலில் பேசியாவைக் கண்டதும் ரோசாலியா கணவனைப் பிடித்துக்கொண்டாள். “புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? தெரிஞ்சா வீட்டோட வெச்சுக் கொளுத்துவாங்கய்யா!” திட்டிக்கொண்டே ஒரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றினாள். “நிக்காத பொண்ணே, உக்காரு. ஜன்னல் பக்கம் வராத.” அந்த வாரமே, தலைத்துணியும் ஜெபமாலையுமாகக் கிறிஸ்தவப் பெண் போல, தொலைவில் பண்ணை வைத்திருந்த தன் விதவைத் தங்கையிடம் மாடு பார்க்கும் வேலைக்காரியாகப் பேசியாவை அனுப்பிவைத்தாள்.

கிழங்கு தோண்டும் காலத்தில் ஷூலிமின் ஊர் யூதர்களையெல்லாம் ஜெர்மானியர் ரயிலேற்றினார்கள். ரயில் போனபோது வாலென்டி வயலில் நின்று தொப்பியைக் கழற்றினான். எந்தப் பெட்டியில் அவர்கள் இருந்தார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசிப் பெட்டி மறையும்வரை அப்படியே நின்றான்.

அடுத்த வருஷம் ஜெர்மானியர் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, மேட்டில் பைன் கன்றுகள் நட்டார்கள். அவர்கள் போனதும் சுற்று வட்டாரத்து ஆட்கள் மண்வெட்டியோடு கிளம்பினார்கள். புதைந்து கிடப்பவர்களிடம் தங்கப்பல், மோதிரம் கிடைக்குமாம். காஸ்பரும் வந்து கூப்பிட்டான்.

“நீதானே கட்டின? எங்க எது இருக்குன்னு உனக்குத் தெரியும். இடத்தை மட்டும் காட்டு, பாதி பாதி.”

“செத்தவங்க வாய்லயா கைய விடப்போற? போயிரு காஸ்பர்.”

“ஓகோ! அவங்கள அடைக்கக் கதவு செஞ்ச கை, பெரிய புனிதமான கை!”

வாலென்டி கதவைச் சாத்திக்கொண்டான். போருக்குப் பின் விசாரணை வந்தபோது தான் கட்டியதையெல்லாம் நீதிபதியிடம் சொன்னான். தோண்டியவர்களைப் பற்றியும் சொன்னான். அதோடு ஊரில் அவனுக்கு வேலை தருவாரில்லை. தொலைவான ஊர்களுக்கு நடந்துபோய்ப் பிழைத்தான்.

பேசியா உயிரோடு வந்தாள். கடல் கடந்து போகும் முன் ஒரே ஒரு முறை அவன் வீட்டுக்கு வந்தாள்.

“அந்தக் கதவு எங்க இருந்துச்சுன்னு காட்டுங்க மாமா.”

இருவரும் மேட்டுக்குப் போனார்கள். எங்கும் தங்கம் தேடியவர்கள் தோண்டிய குழிகள். காலடியில் சாம்பல் நிற மண்ணும் எலும்புத் துண்டுகளும். வாலென்டி பைன் கன்றுகளுக்கு நடுவே தேடித் தேடி ஓரிடத்தில் நின்று, தயங்கிக் கையை நீட்டினான். பேசியா அங்கே மண்டியிட்டு, தோண்டிப்போட்டிருந்த மண்ணை இரு கைகளாலும் குழிக்குள் தள்ளத் தொடங்கினாள். அவனும் உட்கார்ந்து தள்ளினான். பக்கத்துக் குழியையும் மூடினார்கள். மீதி இருந்த குழிகளை மூட ஒரு பகல் போதவில்லை.