வளைந்த வரப்பு

தாராபுரத்துக்கு மேற்கே, சரிவான எங்கள் மானாவாரிக் காட்டில் வரப்புப் போட வந்த பொக்லைன் ஓட்டுநரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. வெயிலில் கறுத்த முகம், தலையில் ஈரத்துண்டு. இயந்திரத்தை முடுக்குமுன் பாட்டில் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது ஓடும் வழியைக் குந்தியிருந்து பார்ப்பது அவர் வழக்கம்.

கல்லூரியில் கணிதம் படித்த நான், நூல் பிடித்து நேராகச் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தேன். அவரோ, சரிவுக்குக் குறுக்கே வளைத்துத்தான் போடவேண்டும் என்றார்.

"வளைச்சா கடலை போடற எடமல்லங்க கொறையும்?" என்றேன்.

"கொறையுமுங்க. மண்ணைக் கிளறுறதால மொத ரெண்டு வருசம் வெள்ளாமையும் சுமாராத்தான் வருமுங்க. ஆனா நேரா போட்டா, மழைக்கு மழை உங்க மேமண்ணு பூராவும் கீழ்க்காட்டுக்குப் போயிருமுங்க. அந்தக் காட்டுக்காரரு உங்களுக்குத் தீவாளிக்கு வேட்டி எடுத்துக் குடுக்கோணுமுங்க!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் சொன்னபடியே இரண்டு ஆண்டுகள் விளைச்சல் குறைந்தது. மூன்றாம் ஆண்டு மழை காட்டிலேயே நின்று ஊறியது. எங்கள் மண் கீழே போகவில்லை. "படிச்சவரு போட்ட வரப்பு" என்று ஊரார் இன்றும் காட்டிப் பேசுகிறார்கள். நான் மறுத்ததில்லை.

ஆனால், யாரும் பார்க்காத வேளையில் அந்த வரப்பருகே குந்தி, சொம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது ஓடும் வழியைப் பார்ப்பதுண்டு.