சும்மா இருந்த கன்டெய்னர்

ஜெரோஷ் நாற்பதைத் தாண்டியவர். கோர்படி ரயில்வே காலனியில் வளர்ந்து, அங்கிருந்து கூப்பிடு தூரத்திலேயே குடித்தனம் நடத்துகிறார். முன்பு ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் இருந்தார். ஒரு வேலையைக் கெடுவுக்கு முன்பே முடித்துக் கொடுத்தார். அடுத்தது வரும்வரை பெஞ்சில் இருக்கச் சொன்னார்கள். இருந்தார். சும்மா இருப்பவருக்குச் சம்பளம் எதற்கு என்று மேலே யாருக்கோ தோன்ற, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனிதர் சண்டை போடாமல் மேஜையைக் காலி செய்துவிட்டு வந்துவிட்டார். கேட்ட எனக்குத்தான் எரிச்சலாக வந்தது.

இப்போது வானவடியில் எங்கள் சின்னக் கம்பெனியின் சர்வர், கனமான கணக்குகளை வேகமாகப் போடும் ஜிபியு சிப்புகள் உள்ளது, அவர் பொறுப்பு. அதில் ஆளுக்கொரு கன்டெய்னர், தனி அறை மாதிரி. அதற்குள் நோட்புக் என்கிற ப்ரோகிராம் எழுதும் பக்கத்தைத் திறந்து ஓட்டுவோம். அறையை இடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். வெளியே பொது ஃபோல்டரில் வைத்தது மட்டும் மிஞ்சும்.

ஜிபியுக்கள் கொஞ்சம், ஆட்கள் ஏகப்பட்ட பேர். கடக்வாஸ்லா பஸ்ஸில் ஜன்னல் வழியே கர்சீப் போட்டு இடம் பிடிக்கிற புத்தி இங்கேயும் வேலை செய்தது. வந்ததும் ஒரு வெற்று நோட்புக்கை ஓட்டி ஜிபியுவைப் பிடித்துவிட்டுச் சாய் குடிக்கப் போய்விடுவார்கள். ஜெரோஷ் சொல்லிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கடைசியில், ஜிபியு கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் கன்டெய்னரையே அழித்துவிடும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதிப் போட்டார். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

நீலா புதிதாகச் சேர்ந்தவள்; இந்த ஸ்கிரிப்ட் விஷயம் அவளுக்குத் தெரியாது. திராட்சை இலையின் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் மாடலுக்கு வாரம் முழுக்கப் பயிற்சி கொடுத்தாள். திங்கட்கிழமை மேனேஜர் வெங்கடேஸ்வரனிடம் காட்ட வேண்டும்; அவள் வேலை நிரந்தரமாவது அதைப் பொறுத்தது. வெள்ளி மாலை பயிற்சி நல்லபடியாக முடிந்தது. பொது ஃபோல்டருக்குத் திங்கள் காலை மாற்றிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனாள். வேலை முடிந்துவிட்டதால் ஜிபியு சும்மா இருந்தது. ஸ்கிரிப்ட் தன் கடமையைச் செய்தது.

திங்கள் காலை நீலா ஓடி வந்தாள். “அரே, என் கன்டெய்னர் எங்க? ஜெரோஷ் அண்ணா, மாடல் உள்ளதான் இருந்துச்சு!”

ஜெரோஷ் சர்வரைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. “சும்மா கெடந்துச்சேம்மா...”

“சும்மா இல்லண்ணா. முடிச்சிட்டேன்.”

அவர் ஸ்கிரிப்டைத் திறந்தார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மீட்டிங்கில் வெங்கடேஸ்வரன் கேட்டார்: “காட்ட ஒண்ணுமே இல்லையாம்மா? அப்ப ஒரு வாரமா என்ன பண்ணினே?”

யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்திருந்த ஜெரோஷ் கதவருகே நின்றபடி சொன்னார்:

“நீலா வெள்ளிக்கிழமையே முடிச்சிட்டா சார். முடிச்சதுனாலதான் போச்சு. அழிச்சது என் ஸ்கிரிப்ட். யாராவது போகணும்னா நான் போறேன்.”

யாரும் போகவில்லை. மறுபடி ஓட்டிக் காட்ட நீலாவுக்கு இன்னொரு வாரம் கிடைத்தது. ஸ்கிரிப்ட் இப்போது எதையும் அழிப்பதற்கு முன் ஆளைக் கேட்கிறது. எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அந்தப் பெரிய ஆபீஸில் ஜெரோஷுக்காக இதைச் சொல்ல ஒருத்தர்கூட எழுந்து நிற்கவில்லை.