நெற்றுச் சாக்கு

பின்னறையில் கலகலவென்று நெற்று உருளும் சத்தம். சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த பெத்தம்மாளின் கை அப்படியே நின்றது.

உள்ளே ஆடுகளுக்குச் சாக்கைக் கொட்டுவது அவளுடைய அண்ணன் இருளப்பசாமி. பந்தல்குடிப் பக்கம் சீமைக்கருவை விறகை எரித்துக் கரியாக்கும் கரிமூட்டம் போடுகிறவன். வரும்போதெல்லாம் தங்கையின் ஆடுகளுக்குச் சீமைக்கருவை நெற்று கொண்டுவருவான். ஒரு காலத்தில் அந்தச் சத்தம் அவள் காதுக்கு இனித்தது. இப்போது அதோடு ஒரு சந்தேகமும் சேர்ந்து கேட்டது.

கணவனைப் பறிகொடுத்து, மகள் பிருந்தாவோடு நின்றவளுக்கு எண்பத்தேழில் கிடைத்தது கண்மாய்க் காவல் வேலை. திருச்சுழிக்குப் போகும் வழியில் இருந்தது அவர்கள் ஊர்க் கண்மாய். அங்கே மண்டிக்கிடந்த சீமைக்கருவையை வேரோடு தோண்டிவிட்டு நாட்டுக்கருவை, புங்கை, நாவல் கன்றுகளை வைத்திருந்தார்கள். நாட்டுக் கன்றுக்குத் தறிக்கூடத்துக் கழிவு நூலை அடையாளமாகக் கட்டுவாள். சீமைக்கருவை தலைகாட்டினால் பிடுங்குவாள். அந்தக் கன்றுகள் என்ன, இன்னொரு வயிற்றில் பிறந்த பிள்ளைகளா? பெற்றவளைப் போலத்தான் பார்த்துக்கொண்டாள்.

மழைக்குப் பிறகு அந்தச் சந்தேகம் முளைத்தது. வெட்டவெளியில் ஒன்றையும் காணோம். கன்றின் காலடியில் மட்டும் கொத்துக் கொத்தாகச் சீமைக்கருவை! பிடுங்கிப் போட்டாலும் மறுபடி வந்தது. காற்று கொண்டுவந்தால் குழி பார்த்தா விழும்? ஒரு சாயங்காலம் குழிகளைச் சுற்றி மண்ணை நிரவிவிட்டு வந்தாள். காலையில் போய்ப் பார்த்தபோது, அவள் கால்தடத்தைத் தவிர வேறு தடம் இல்லை. தடம் விடாமல் நெற்றைப் போட்டுவிட்டுப் போகிறவன் கைகாரன்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

கன்றுகள் அழிந்து கண்மாயில் மறுபடி சீமைக்கருவை மண்டினால் யாருக்கு லாபம்? விறகை ஏலம் எடுக்கிற கரிமூட்டக்காரனுக்கு. அந்த இடத்தில் அண்ணன் முகம் வந்து நின்றது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

வருகிற முகூர்த்தத்தில் பிருந்தாவுக்குக் காதுகுத்து. மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். பிறந்த வீடு என்று அவளுக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு மடிதான். அதை நினைத்தே இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

"ஏத்தா, தண்ணி கேட்டேன்ல? கெணறு வெட்டிக்கிட்டு இருக்கியா?" சிரித்தபடி வந்தான் இருளப்பசாமி.

"கம்மா வழியாத்தான வந்தீக?"

"பின்ன, ஏரோப்ளான்லயா வந்தேன்?"

"வார வழியில சாக்கு ஒழுகுச்சாக்கும்?"

அவன் சிரிப்பு நின்றது. "என்னத்தா கேக்குற?"

"கன்னுக்கடியில நெத்தப் போடுறது நீகதான அண்ணே? ஒங்க மூட்டத்துக்கு என் பொழப்புத்தான் வெறகா?"

இருளப்பசாமி அவளை ஏறிட்டுப் பார்த்தான். "ஒன்னத் தோள்ல சொமந்து வளத்தவன்த்தா நானு." பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான். "கன்னுக்கு என்ன ஒரம் வச்ச?"

"ஒரத்துக்கு எங்க போக? நம்ம ஆட்டுப் புழுக்கையத்தான் அள்ளிக் குழிக்குக் குழி..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். பின்னறையில் ஆடுகள் நெற்றை நறநறவென்று மென்றுகொண்டிருந்தன.

சொம்பை வைத்துவிட்டு ஓடினாள். மூலையில் குவித்திருந்த புழுக்கையை உள்ளங்கையில் வைத்து நசுக்கினாள். உள்ளே பழுப்பு விதை, பல் படாமல் முழுசாக இருந்தது. ஈரத்தில் கிடந்த இன்னொன்றைப் பிட்டாள். அதில் வெள்ளை முளை எட்டிப்பார்த்தது.

விதைத்தது அவள் கைதான். கன்று நன்றாக வரட்டும் என்று ஆசை ஆசையாக வைத்த எருவில்தான் அத்தனை விதையும் போயிருக்கிறது.

"அண்ணே..." ஓடிவந்து சொம்பை இரண்டு கையாலும் நீட்டினாள். தண்ணீர் தளும்பித் தரையில் சிந்தியது.

அவன் வாங்கவில்லை. காலிச் சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டான்.

"காதுகுத்துக்கு வாரேன். மடி இருக்கும். புள்ள என்ன பாவம் செஞ்சுச்சு? ஆனா இந்த வீட்டுத் தண்ணி இனிமே என் தொண்டையில எறங்காதுத்தா."

வெளியே போய், கதவை அவனே இழுத்துச் சாத்தினான்.