தர்மினி கேட்ட அரை மணி நேரம்

தர்மினியை நான் முதன்முதலில் பார்த்தபோது என் கண்ணில் பட்டது இரண்டு பூட்ஸ் கால்கள் மட்டும்தான். மலேசியாவின் கூலாய் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் மின்னியல் பாடம் நடத்தச் சேர்ந்த நாள் அது. பட்டச் சான்றிதழ் இருந்த கோப்பைக் கையில் பிடித்தபடி பட்டறைக்குள் நுழைந்தேன். பண்டார் தெங்காரா செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் அந்தக் காகிதத்தை வாங்கிய முதல் ஆள். அதை எல்லா இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போவேன்.

"யாரு நிக்கிறது? அந்த டார்ச்ச எடுத்து இந்தப் பக்கம் அடிங்க" என்று அங்கே நின்ற காரின் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. கோப்பைக் கீழே வைத்துவிட்டு டார்ச் அடித்தேன். எலி கடித்த ஒயரை ஒட்டி முடித்து வெளியே வந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"புது லெக்சரரா? டார்ச் நல்லா பிடிக்கிறீங்க. வேல நிச்சயம்."

சிலோன் தமிழ்க் குடும்பத்துப் பெண். அரசாங்க ஆபீசில் வேலை பார்த்த அவருடைய அப்பா, மகள் கணக்காளர் ஆவாள் என்று நம்பியிருந்தார். மகள் பாலிடெக்னிக்கில் வாகனப் பொறியியல் படித்து, சிங்கப்பூர் சர்வீஸ் சென்டரில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுக் கூலாய்க்கே திரும்பி வந்தார். இன்றைய கார்களில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு அவருடையது.

அந்த வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. கோளாறு பார்க்கும் ஸ்கேனரைச் செருகினால் கார் ஒரு குறியீட்டு எண்ணைச் சொல்லும். அந்த எண் காட்டும் சாமானை உடனே மாற்றக் கூடாது. சந்தேகப்பட்ட சாமானைக் கழற்றிப் பக்கத்துச் சிலிண்டரில் மாட்ட வேண்டும். கோளாறும் கூடவே போனால்தான் அந்தச் சாமான் கெட்டது என்று அர்த்தம். பிள்ளைகள் இதற்கு 'பக்கத்து வீட்டுக்கு அனுப்புறது' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வகுப்பில் சேரும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஒரு நாள் நிர்வாகி திருச்செல்வம் நேரடியாகவே சொல்லிவிட்டார்: "தர்மினி, ஜொகூர் பாரு சர்வீஸ் சென்டர் மேனேஜர் வந்து நம்ம பிள்ளைங்களுக்கு டெஸ்ட் வைக்கப் போறாரு. பாஸ் பண்ணா வருஷா வருஷம் ஆள் எடுப்பாங்க. இல்லன்னா இந்த வகுப்ப மூடிட்டு டயர், ஆயில் மட்டும் வச்சுக்குவோம்."

"பாஸ் பண்ணுவாங்க சார்."

டெஸ்ட்டுக்கு முதல் நாள் ஆயுத பூசை. பட்டறை முழுக்கக் கழுவி, ஜாக்கிக்கும் ஸ்பேனர்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பயிற்சிக் காரின் டயருக்கடியில் எலுமிச்சை வைத்துத் தள்ளி நசுக்கினார்கள். வடை தீரும்வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

மறுநாள் காலையில் மேனேஜர் ஜெயபாலன் வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு, அதே காரில் ஒரு கோளாறை உண்டாக்கி வைத்தார். மேசைமேல், சிலிண்டருக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் காயில் புதிதாக ஒன்றையும் வைத்தார். வகுப்பின் சார்பில் தேன்மொழியும் வீரமுத்துவும் நின்றார்கள். டீச்சர் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. நானும் அவர் பக்கத்தில்தான் நின்றேன்.

வண்டியை ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் குலுங்கியது. வீரமுத்து ஸ்கேனரைச் செருகினான்.

"ரெண்டாவது சிலிண்டர் சரியா எரியல. புது காயில்தான் இருக்கே, போட்டு முடிச்சிரலாம் லா."

"டேய், மொதல்ல பக்கத்து வீட்டுக்கு அனுப்பு" என்றாள் தேன்மொழி.

"மேசையில சும்மாவா வச்சிருக்காரு?"

"கல்யாண வீட்டுல பந்தியப் பாத்த மாதிரி பாக்காத. கழட்டு."

தர்மினி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். வீரமுத்து காயிலை உருவினான். அதன் ரப்பர் முனையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தேன்மொழி அதை வாங்கி முகர்ந்தாள்.

"சந்தனம்!"

"அலமாக்..." வீரமுத்துவின் முகம் வெளுத்தது. திரும்பி எங்களைப் பார்த்துச் சொன்னான்: "டீச்சர், பூசைக்கு எஞ்சின் பளபளன்னு இருக்கட்டும்னு நான்தான் தண்ணிக் குழாய வச்சு அடிச்சேன். பொட்டும் நான்தான் வச்சேன்."

தர்மினியால் பேச முடியாது. கையை மட்டும் அசைத்தார்: வேலையைப் பார்.

காயில் இருந்த குழிக்குள் தேங்கிய தண்ணீரைக் காற்றடித்து வெளியேற்றினார்கள். பழைய காயிலைத் துடைத்துப் பக்கத்துச் சிலிண்டரிலும், அங்கிருந்ததை இங்கேயும் மாட்டிப் பார்த்தார்கள். இரண்டு சிலிண்டரும் ஒழுங்காக எரிந்தன. காயில் நல்ல காயில். ஆனாலும் எஞ்சின் நிதானத்துக்கு வரவில்லை. லேசான நடுக்கம் இருந்தது. அதற்குள் டெஸ்ட்டுக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது.

ஜெயபாலன் சிரித்தார். "நான் வச்சது வேற கோளாறு. புது காயில சும்மா ஆசை காட்டத்தான் வச்சேன். வச்சிட்டு ஸ்டார்ட் பண்ணப்ப வண்டி ஆடிச்சு, எல்லாம் நம்ம வேலைதான்னு நெனச்சேன். தண்ணி போனது எனக்கே தெரியாது. பரவால்ல மிஸ், நான் கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லிட்டாங்க. பாஸ் போட்டுர்றேன்."

திருச்செல்வம் பெருமூச்சு விட்டார். தர்மினி மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்தார்.

"வேணாம் சார். நீங்க வச்சத இன்னும் கண்டுபிடிக்கலியே. அரை மணி நேரம் குடுங்க."

"தர்மினி!" திருச்செல்வம் பதறினார். "குடுக்கும்போது வாங்கிக்குங்க. கண்டுபிடிக்கலன்னா வகுப்பே போயிரும்."

"தெரியும் சார். நாளைக்கு சென்டர்ல இவங்க பாத்த கஸ்டமர் வண்டி நடுங்கிக்கிட்டே போனா, பாதி சரி பண்ணோம்னா சொல்ல முடியும்?" பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "முடியுமா?"

"முடியும் டீச்சர்" என்றாள் தேன்மொழி. வீரமுத்து தலையாட்டினான்.

தர்மினி மறுபடி கோட்டுக்குப் பின்னால் வந்து நின்றார். கட்டிய கைகளின் விரல்கள் மட்டும் அசைந்துகொண்டே இருந்தன.

எஞ்சினுக்கு எங்கிருந்தோ கூடுதல் காற்று போகிறது என்று ஸ்கேனர் காட்டியது. வீரமுத்து ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக் கேட்டான். எங்கோ அடியில் அவன் கை நின்றது.

"இங்க சீறுது. புடிச்சு நசுக்கு."

தேன்மொழி எஞ்சினில் சீறிய காற்றுக் குழாயை இடுக்கியால் அழுத்தினாள். எஞ்சினின் நடுக்கம் அடங்கியது. குழாயின் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பிளேடால் கீறியிருந்தது.

ஜெயபாலன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். "மிஸ், உங்க பிள்ளைங்க ரெண்டு பேரையும் அனுப்புங்க. ஆனா எங்க சென்டர்ல பூசைக்குத் துணியாலதான் தொடைக்கணும்."

வீரமுத்துவும் தேன்மொழியும் இன்று ஜொகூர் பாருவில் வேலை பார்க்கிறார்கள். தர்மினி கூலாயில் அதே வகுப்பை நடத்திக்கொண்டிருக்கிறார். இந்த ஆண்டு ஹைப்ரிட் கார் பாடமும் சேர்ந்திருக்கிறது. அதன் மின்சாரப் பகுதியை நான் எடுக்கிறேன்.